துலுக்காணத்தின் தொண்ணூற்று மூன்று

ஆஸ்பத்திரிக் கதவு தவமணியை உள்ளே விட்டது. அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்த புருஷன் துலுக்காணத்தை விடவில்லை. "இரண்டாவது நபர் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும்" என்று கதவுக்கு மேலிருந்து ஒரு குரல் சொன்னது. பெண் குரல். மரியாதையில் ஒரு குறைச்சலும் இல்லை.

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் தவமணிக்கு அங்கே டயாலிசிஸ். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஊசி ஏறும்போது துலுக்காணத்தின் சட்டைப் பையைப் பிடித்துக்கொள்வாள். அதனால் அவனிடம் பை கிழியாத சட்டையே கிடையாது. நடுவில் திடீரென்று அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கும். நர்ஸ் வருவதற்குள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, காலைத் தூக்கிப் பிடிப்பது அவன்தான்.

அன்றைக்கு ஆட்டோவில் நானும் போயிருந்தேன். என் பெயர் கன்னியப்பன். துலுக்காணத்தோடு முப்பத்தோரு வருஷம் சினிமாவில் லைட் தூக்கியவன். அவனை மஞ்சள் கோட்டிலேயே விட்டுவிட்டு நான்தான் தவமணியை உள்ளே கூட்டிப் போனேன். ஊசி ஏறும்போது அவள் என் சட்டைப் பையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு அழுத்தம் இறங்கியது. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் ஓடிவந்து என்னைத் திட்டினாள். திட்டியது நியாயம்.

கதவுக்கு அப்படிச் சொல்லச் சொன்னது முன்னறி என்கிற எந்திரம். இரண்டு வருஷமாக ஊரில் எல்லாக் கம்பத்திலும் அதன் கண் இருக்கிறது. நாம் நடப்பது, நிற்பது, திரும்பிப் பார்ப்பது எல்லாவற்றையும் பார்த்து, யார் அரசாங்கத்துக்கு எதிராகச் சதி செய்யப் போகிறார்கள் என்று முன்கூட்டியே எண் போட்டுவிடும். நூற்றுக்கு எவ்வளவு என்று. நாற்பது, ஐம்பது என்றால் பரவாயில்லை, என் தெருவில் பாதிப் பேருக்கு நாற்பது. தொண்ணூறைத் தாண்டினால் அரசாங்கக் கட்டடம், ரயில் நிலையம், ஆஸ்பத்திரி எதுவும் திறக்காது. துலுக்காணத்துக்கு அன்றைக்குத் தொண்ணூற்று மூன்றாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தால்கூட அவன் இவ்வளவு வாங்கியிருக்க மாட்டான்.

மறுநாள் காலை சைதாப்பேட்டையில் மறுபரிசீலனை அலுவலகத்துக்குப் போனோம். மூன்றாவது மாடி. மேல்முறையீடு செய்கிறவர்களுக்குக் கதவு திறக்காது என்பதால் அந்த ஒரு அலுவலகத்துக்கு மட்டும் கதவையே கழற்றி வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். கடைச் சுவரில் ரவிக்கை மாடல் படங்களை ஒட்டி, எந்தப் படத்துக்கு எந்தத் துணி என்று சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தாராம். அவருக்குத் தொண்ணூற்றொன்று. அவருக்குப் பக்கத்தில் ஒரு தலைமை ஆசிரியை. பள்ளிச் சீருடையை ஊதாவும் பழுப்புமாக மாற்றிய நாளிலிருந்து நானூறு பிள்ளைகளுக்கும் அறுபதுக்கு மேல் ஏறிவிட்டதாம். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கு அப்போதே ஏதோ உறைத்தது. ஆனால் இருக்காது என்று விட்டுவிட்டேன்.

விசாரணை அலுவலர் பெயர் ஜெபராணி. நாகர்கோவில் பக்கம். நாற்பது வயதிருக்கும். உட்காரச் சொல்லிவிட்டு, துலுக்காணத்தின் அறிக்கையை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் விரலை வைத்து வரிவரியாகப் படித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

கேமரா திரும்புவதற்குள் அதன் பார்வையிலிருந்து விலகியது, முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை. வெயிலில் நிற்காமல் நிழலின் ஓரத்தில் நிற்பது, வழக்கமாக. தரையில் ஒன்றும் இல்லாத இடத்தில் காலைத் தூக்கித் தாண்டுவது, தடை தாண்டும் பயிற்சி. தெருவிளக்குகளை அண்ணாந்து ஆராய்வது. நாற்பது அடி தூரத்தில் நிற்கும் கூட்டாளியோடு சைகை மொழியில் பேசுவது. கூட்டாளியின் முதுகு மட்டும் பதிவாகியுள்ளது. முகம் கிடைக்கவில்லை.

அந்த முதுகு என்னுடையது. என் முதுகை எனக்குத் தெரியாதா.

நான் சிரித்துவிட்டேன். ஜெபராணி சிரிக்கவில்லை. எது சிரிப்பு என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். லைட் மேனுக்கு முதல் பாடமே கேமராவின் பீல்டில் நிற்கக் கூடாது என்பதுதான். நம் நிழல் நடிகர் மேல் விழுந்தால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முப்பது வருஷம் அப்படி இருந்தவன், ரேஷன் கடை கேமராவைப் பார்த்தாலும் ஒதுங்கித்தான் போவான். கால் தூக்குவது கேபிளைத் தாண்டுவதற்கு. கேபிள் இல்லாவிட்டாலும் கால் தூக்கும். தெருவிளக்கு சரியாக எரிகிறதா என்று பார்க்காமல் எங்களால் ஒரு தெருவைக் கடக்க முடியாது. படப்பிடிப்பில் கத்திப் பேசக் கூடாது என்பதால் எல்லாம் கைதான். முஷ்டியை மூடினால் அணை, உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறக்கு.

"அப்போ தெருவுல எதை அணைக்கச் சொன்னாரு?" என்று கேட்டார் ஜெபராணி.

துலுக்காணம் தலையைக் குனிந்துகொண்டான். "டீய சிம்ல வெக்க சொன்னேன் மேடம். எனுக்கு சூடு ஆகாது."

அதற்கப்புறம்தான் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். முன்னறிக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொன்னார். சதிகாரன் எப்படி இருப்பான் என்று எந்திரத்துக்குக் காட்ட ஆயிரக்கணக்கான வீடியோ வேண்டும். டெண்டர் எடுத்தவர்கள் தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை.

"நெசமாவே சதி பண்ணுதவங்க அத வீடியோ எடுக்க விடமாட்டாங்கல்லா அண்ணாச்சி?"

"அப்புறம்?"

"அரசியல் திரில்லர்னு போட்டு நெட்ல கெடந்த குறும்படம் பூராவையும் எடுத்துக் காட்டிட்டாங்க. ரெண்டாயிரத்துச் சொச்சம். முடிவும் அதுலயே இருக்கு, யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு. அவங்களுக்கு வேல லேசாப் போச்சு."

அவர் திரையைத் திருப்பி ஒன்றிரண்டைப் போட்டுக் காட்டினார். முதல் படம் ஓடி அரை நிமிஷம்கூட ஆகவில்லை, துலுக்காணம் என் முழங்கையை இடித்தான். கருப்புத் திரையில் டிக் டிக் என்று எழுத்து எழுத்தாக இடமும் நேரமும் விழுந்தது. பிறகு ஒரு கார் நிறுத்துமிடம். அது வடபழனியில் நாங்கள் லைட் வைத்த இடம்.

பெரிய படங்களில் வேலை குறைந்த பிறகு நாங்கள் இருவரும் பத்து வருஷம் குறும்படங்களுக்குத்தான் போனோம். எல்லாம் வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்கும் பிள்ளைகள். அத்தனை பேருக்கும் முதல்வர் நாற்காலியைக் கவிழ்க்கும் கதை ஒன்று கைவசம் இருக்கும். நாற்காலிதான் கைவசம் இருக்காது.

ஜெபராணி படத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டார், நான் சொன்னேன். சதிகாரன் முகத்தில் பாதி ஏன் இருட்டு? எங்களிடம் இருந்தது இரண்டு லைட், அதில் ஒன்று அடிக்கடி பியூஸ் போகும். ஏன் எப்போதும் கார் நிறுத்துமிடத்தில் சந்திக்கிறார்கள்? வாட்ச்மேன் தெரிந்தவர், அனுமதி கேட்க வேண்டாம். கேமரா ஏன் பதற்றமாக ஆடுகிறது? ஸ்டாண்டை ஆட்டோவில் மறந்து விட்டுவிட்டார்கள். அமைச்சரின் முகம் ஏன் தெரியவே இல்லை, மோதிரம் போட்ட கை மட்டும் வருகிறது? முகம் காட்டினால் ஏதாவது ஒரு நிஜ அமைச்சரின் சாயல் வந்து வழக்காகிவிடும் என்று பயம். கை டைரக்டரின் அப்பாவுடையது. கட்சிக் கொடி ஏன் ஊதாவும் பழுப்புமாக இருக்கிறது? வேறு எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்தாலும் ஏதோ ஒரு கட்சி வந்துவிடுகிறது. அந்த இரண்டைத்தான் யாரும் தொடவில்லை.

ஜெபராணி பேனாவைக் கீழே வைத்தார். வெளியே உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியையை எட்டிப் பார்த்தார்.

"இத எழுத முடியாதே அண்ணாச்சி. பியூஸ் போனதுனாலதான் இந்த ஊர்ல பாதிப் பேரு சந்தேகக்காரன்னு நான் மேல எப்பிடி எழுதுவேன்?"

அடுத்த படத்தைப் போட்டார். தூணுக்குப் பின்னால் தொப்பி வைத்த ஒருவன் நிழலில் நின்றுகொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. கேமரா அவன் பக்கம் திரும்பியதும் மெதுவாக நழுவிப் போனான். போகும்போது தரையில் ஒன்றும் இல்லாத இடத்தில் காலைத் தூக்கி வைத்தான்.

துலுக்காணத்துக்கு முகம் சிவந்துவிட்டது. வெட்கம்.

தூணுக்குப் பின்னால் நின்றவன் அவன்தான். அந்தப் படங்களில் மர்ம மனிதனுக்கு வசனம் கிடையாது. அதற்கென்று நடிகனைக் கூப்பிட்டால் அவனுக்குப் பிரியாணி வாங்க வேண்டும். அதனால் டைரக்டர்கள், அண்ணே கொஞ்சம் அந்தத் தூண் பக்கத்தில் நின்றுவிட்டுப் போங்கள் என்பார்கள். துலுக்காணம் நிற்பான். கேமராவைப் பார்த்ததும் அவன் உடம்பு தானாக நழுவும். பிரமாதமாக நடிக்கிறீர்கள் என்பார்கள். ஜெபராணி எந்திரத்திடம் கேட்டுப் பார்த்தார். அவன் நின்றது அறுபத்தொரு படம். சதிகாரன் எப்படி நடப்பான் என்று முன்னறி பாடம் படித்ததே துலுக்காணத்தைப் பார்த்துத்தான். அவனுக்குத் தொண்ணூற்று மூன்று வந்ததில் ஆச்சரியமில்லை. ஏழு ஏன் குறைந்தது என்பதுதான் ஆச்சரியம்.

"ஒரு படத்துலயும் எம்பேரு போடல மேடம்" என்றான் துலுக்காணம் மெதுவாக. "இதுக்கு மட்டும் என்ன அடையாளம் தெரிஞ்சிக்கீது."

ஜெபராணி ஒளிக்காமல் சொன்னார். அந்தப் படங்களை எடுத்துவிட்டு எந்திரத்துக்கு மறுபடி பாடம் நடத்த வேண்டுமானால் அடுத்த டெண்டர் வரவேண்டும். மூன்று வருஷம் ஆகும்.

"மூணு வருஷம் அவ தாங்க மாட்டா மேடம்" என்றான் துலுக்காணம். அவ்வளவுதான் சொன்னான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பாமலே ஒன்று கேட்டார். அந்தப் படங்களில் நல்லவன் யாராவது உண்டா?

உண்டு. ஒரே ஒருத்தன். நேர்மையான நிருபர். கண்ணாடி போட்டிருப்பான், தோளில் துணிப்பை. தெருவின் நடுவில்தான் நடப்பான், ஓரத்தில் நடக்கத் தெரியாது. எதிரே எது வந்தாலும் நேராகப் பார்ப்பான். எங்களிடம் இருக்கிற இரண்டு லைட்டும் அவனுக்குத்தான். பதினெட்டாவது நிமிஷத்தில் செத்துப்போவான்.

"செத்துப்போவானா" என்று திரும்பினார் ஜெபராணி. அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. முன்னறியில் இன்னொரு பட்டியலும் இருக்கிறதாம், ஆபத்தில் இருப்பவர்கள் பட்டியல். நிருபர் எவனாவது செத்துவைத்தால் அரசாங்கத்துக்குக் கெட்ட பெயர் என்று, அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு எல்லாக் கதவும் திறக்கும்.

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்க ஒண்ணும் கேக்கல" என்று மட்டும் சொல்லி எங்களை அனுப்பினார்.

பன்னிரண்டு நாள் பயிற்சி. துலுக்காணத்துக்கு நான் கண்ணாடி வாங்கினேன், பவர் இல்லாதது. துணிப்பைக்குத் தவமணியின் மாத்திரைப் பையே சரியாக இருந்தது. ஆனால் வெயிலில் நிற்க வைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. தெருவின் நடுவில் நிறுத்திவிட்டு நான் திரும்பினால், அவன் அதற்குள் சுவரோரம் போயிருப்பான். அவனுக்கே தெரியாது. தவமணி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நடுவுல வாய்யா, நடுவுல வா, இன்னா வெக்கம்" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருப்பாள். நிமிர்ந்து நட என்றால் விறைத்துக்கொண்டு கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல் நிற்பான். கம்பத்துக் கண்ணை நேராகப் பார் என்றால் கண் கலங்கும்.

"கூசுது மாமே" என்பான். "வெளிச்சம் போடறது வேற, வாங்கறது வேற."

அந்தப் பன்னிரண்டு நாளில் ஐந்து முறை நான் தவமணியைக் கூட்டிப் போனேன். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வித்தை எனக்கு வரவில்லை. நான்காவது முறை அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றிருந்த துலுக்காணத்திடம் நான் அதைச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்து அவனே தெரிந்துகொண்டான். அன்று மாலை தெருவின் நடுவில் போய் நின்றான். நான் சொல்லும்வரை நகரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மூவரும் ஆட்டோவை விட்டு இறங்கினோம். துலுக்காணம் ஒரு கையில் தவமணி, தோளில் பை, மூக்கில் கண்ணாடியோடு ரோட்டின் நடுவிலேயே நடந்தான். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் திட்டினார். அவன் ஒதுங்கவில்லை. மஞ்சள் கோட்டில் நின்று கேமராவை நேராகப் பார்த்தான்.

கதவு திறந்தது. "வருக, தங்கள் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு" என்றது அதே குரல். திரையில் அதே தொண்ணூற்று மூன்று. தலைப்பு மட்டும் வேறு, ஆபத்தில் இருப்பவர்.

அது சொல்லி முடிப்பதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அவனுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அதில் பெரியவர் சல்யூட் அடித்தார். துலுக்காணம் பயந்துபோய்ப் பதில் சல்யூட் அடித்தான். சின்னவர் தவமணிக்குச் சக்கர நாற்காலி கொண்டுவந்து அவரே தள்ளினார். அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"இருவது அடி ஒசரத்துல மூங்கில் மேல குந்திக்கினு லைட் புடிச்சப்போ, கீழ ஒரு பாய் கூட போட்டு வெக்கல உனுக்கு" என்றாள். "இப்போ பாரு."

நானும் பின்னாலேயே போனேன். பெரிய போலீஸ்காரர் என் நெஞ்சில் கை வைத்தார். முரட்டுத்தனம் இல்லை. "நீங்க வரக் கூடாது ஐயா. அவர்கிட்டேர்ந்து ஐம்பது மீட்டர் தள்ளியே இருங்க" என்றார். நான் சிநேகிதன் என்றேன். "அதனாலதான்" என்றார்.

ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்து டீக்கடைக்கு வந்து ஜெபராணிக்கு போன் போட்டேன். அவர் எந்திரத்தில் என் பெயரைத் தேடிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்க படத்துல அந்த நிருபர யாரு காட்டிக்குடுப்பா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. "கூட கீற சிநேகிதன்தான் மேடம்."

"எல்லாப் படத்துலயுமா?"

"எல்லாப் படத்துலயும். கடைசி ரெண்டு நிமிஷத்துல. அதுக்குன்னு புதுசா ஒரு ஆள் போட முடியாதே. முதல்லேர்ந்து கூடமாட ஒத்தாசை பண்ணிக்கினு வருவான் பாருங்க, அவனையே..."

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்திரம் என்னைத் துரோகி என்று குறித்துவிட்டது. நான் மனுக் கொடுத்தால் ஒரு வாரத்தில் என் பெயரை நீக்கிவிடலாம், அதில் சிரமமில்லை. ஆனால் நீக்கினால் நிருபருக்கு ஆபத்து இல்லை என்று எந்திரம் முடிவு செய்துவிடும். ஆபத்து போனால் பாதுகாப்பு போகும். பாதுகாப்பு போனால் அவன் பழைய பட்டியலுக்கே திரும்பிவிடுவான். நான் அந்தப் பக்கமே வராமல் வீட்டில் இருந்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அதுவும் அதே கதைதான் என்றார்.

"துரோகி இல்லாம அவருக்கு என்ன ஆபத்து, சொல்லுங்க? நீங்க கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும்."

பிறகு குரலைத் தாழ்த்தி, மனு வேண்டுமானால் அவரே எழுதித் தருவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன்.

இப்போது செவ்வாய், வியாழன், சனி காலை பத்து மணிக்கு நான் அந்த டீக்கடைக்கு வந்துவிடுகிறேன். துலுக்காணத்தின் வீட்டுக்குப் போவதில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், போனில்தான் பேசிக்கொள்கிறோம். கடைக்குப் பக்கத்தில் ஒரு தூண் இருக்கிறது. பதினோரு மணி வெயில் அதில் பட்டு முகத்தில் சரியாகப் பாதிக்கு விழும் இடம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கம்பத்துக் கண் என் பக்கம் திரும்பும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் ஒரு நொடி முகத்தைக் காட்டவும் வேண்டும். அந்த ஒரு நொடிதான் இன்னும் பழகவில்லை.

நான்கு மணி நேரம் நிற்பதற்கு முட்டி ஒத்துழைக்க மறுக்கிறது. டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. காட்டிக்கொடுக்கிறவன் உட்கார்ந்து எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. நாங்கள் எடுத்த படங்களில் ஆளுக்கு ஒரு நாற்காலி ஏது?

போன சனிக்கிழமை தவமணிக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்திருக்கிறது. பதினொன்றே காலுக்கு என் போன் அடித்தது. எடுத்தேன். தவமணி. ஊசி ஏறி முடித்த குரல், கொஞ்சம் சோர்ந்திருந்தது. அவன் சட்டைப் பை இன்னொன்றும் கிழிந்துவிட்டது என்றாள்.

"அண்ணே, உன்னிய இங்கேர்ந்து பாக்கறேன்" என்றாள். "ரொம்ப நல்லவன் மாதிரி தெரியிற. கொஞ்சம் நிழலாண்ட தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன்.